ஜூஸ் விரதம் இருந்தால் உடம்பு இளைக்குமா? தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாம்பழ சீசனும் கல்யாண முகூர்த்தங்களும் சேர்ந்து வரும் சித்திரை, வைகாசியில்தான் இந்தப் பேச்சு சூடு பிடிக்கும். முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம்கூட இருக்காது. அதற்குள் ரவிக்கை அளவு ஒன்று குறைய வேண்டும் என்று வந்து நிற்பார்கள். உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் கேட்பவற்றை, அவர்கள் கேட்கும் விதத்திலேயே கொடுத்திருக்கிறேன். மூன்று நாளோ ஒரு வாரமோ மெல்லுகிற சாப்பாடு எதுவும் இல்லாமல் பழச்சாறு, காய்ச்சாறு மட்டும் குடித்து இருப்பதைத்தான் இங்கே ஜூஸ் விரதம் என்கிறேன். சாப்பாட்டோடு ஒரு டம்ளர் ஜூஸ் குடிப்பது வேறு கதை.

மூணு நாள் ஜூஸ் மட்டும் குடிச்சா எடை குறையுமா, குறையாதா?

குறையும். இரண்டு கிலோகூடக் குறையலாம். ஆனால் அதில் பெரும்பகுதி கொழுப்பு இல்லை.

நம் உடம்பு கல்லீரலிலும் தசைகளிலும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைத்திருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு ஏறக்குறைய 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் உடம்பு முதலில் கை வைப்பது இந்தக் கையிருப்பில்தான். அது கரையக் கரைய, பிடித்து வைத்த தண்ணீரும் சிறுநீராக வெளியேறுகிறது. குடலில் இருந்த சக்கையும் காலியாகிறது, உப்பு குறைவதால் இன்னும் கொஞ்சம் நீர் போகிறது. எடை மெஷினில் முள் இறங்குவது இதனால்தான்.

கொழுப்பு எவ்வளவு போகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். நாளுக்கு 1,800 கலோரி தேவைப்படும் ஒரு பெண், 800 கலோரிக்கு ஜூஸ் குடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு ஆயிரம் பற்றாக்குறை. மூன்று நாளைக்கு மூவாயிரம். முழுவதும் கொழுப்பிலிருந்தே போனாலும் 400 கிராம்கூடத் தேறாது. உண்மையில் அதிலும் ஒரு பங்கு தசையிலிருந்து போகும். நாலாம் நாள் சோறும் குழம்பும் உள்ளே போனதும் கிளைக்கோஜனும் தண்ணீரும் பழைய இடத்துக்கு வந்துவிடும்.

என் ஃப்ரெண்டு ஒரு வாரத்துல நாலு கிலோ குறைச்சாளே?

பொய்யாக இருக்காது. ஒரு மாதம் கழித்து அவரை மறுபடி எடை பார்க்கச் சொல்லுங்கள்.

பழம் உடம்புக்கு நல்லதுதானே? அதையே பிழிஞ்சு குடிச்சா என்ன தப்பு?

அதிகமாக வரும் கேள்வி இது. கேட்பவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. பழத்தில் உள்ள வைட்டமின் பெரும்பாலும் சாற்றிலும் வந்துவிடுகிறது. வராமல் போவது நார்ச்சத்து. வடிகட்டிய பிறகு சல்லடையில் மிஞ்சுகிற சக்கைதான் வயிற்றை நிரப்புவது, சர்க்கரை இரத்தத்தில் சட்டென்று ஏறாமல் தடுப்பது, மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு இனிப்புத் தண்ணீரை மட்டும் குடிக்கிறோம்.

இன்னொன்று, வேகம். 1977இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஒரே அளவு ஆப்பிளை முழுதாகவும், மசித்தும், சாறாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். முழு ஆப்பிளைத் தின்னும் நேரத்தோடு ஒப்பிட்டால் சாறு பதினொரு மடங்கு வேகத்தில் உள்ளே போனது. சாற்றில் பசியும் குறைவாகவே அடங்கியது. வீட்டிலேயே பார்க்கலாம். நாலு சாத்துக்குடியைத் தோலுரித்து, சுளை சுளையாகப் பிரித்து, கொட்டையைத் துப்பித் தின்று பாருங்கள். மூன்றாவதில் கை தானாக நின்றுவிடும். அதே நாலைப் பிழிந்தால் ஒரு டம்ளர். பஸ் கிளம்புவதற்குள் குடித்து முடித்துவிடலாம்.

இந்த இடத்தில் யாராவது, "களியைக்கூடத்தான் நாம மெல்றதில்ல, முழுங்கறோம்" என்பார்கள். சரியான மடக்குதான். களியை உருட்டி, குழம்பில் தோய்த்து, பல் படாமல் விழுங்குவதுதான் நம் பக்கத்து வழக்கம். மென்றால் பல்லில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் நூறு கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. உள்ளே போன களி வயிற்றில் உட்கார்ந்துகொள்ளும். காலையில் தின்றுவிட்டுக் காட்டுக்குப் போனவர் உச்சிவேளை வரை தாங்குவார். கூட வரும் கீரைக் கடைசலையும் அவரைக்கொட்டையையும் மென்றே ஆக வேண்டும். ஜூஸில் நாரும் இல்லை, மெல்லும் வேலையும் இல்லை.

அமெரிக்க ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட பெரிய ஆய்வு ஒன்று, திராட்சை, ஆப்பிள் போன்றவற்றை முழுப் பழமாக அதிகம் சாப்பிட்டவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு குறைவாகவும், பழச்சாறு அதிகம் குடித்தவர்களுக்குச் சற்று அதிகமாகவும் வந்ததைக் காட்டியது. உலக சுகாதார நிறுவனமும் தேனையும் பழச்சாற்றின் சர்க்கரையையும், நாம் கரண்டியில் அள்ளிப் போடும் சர்க்கரையோடு ஒரே கணக்கில்தான் வைக்கிறது. முழுப் பழத்தின் சர்க்கரையை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கிருஷ்ணகிரில இருந்துட்டு மாம்பழ ஜூஸ் குடிக்காம இருக்க முடியுமா?

யார் இருக்கச் சொன்னது? மாம்பழத்தை அறுத்துத் தின்னுங்கள். நூறு கிராம் சதையில் சுமார் 60 கலோரி. நடுத்தரமான ஒரு பழத்தில் பாதியைச் சாப்பாட்டுக்கு நடுவே தின்றால் யாரும் குண்டாகிவிட மாட்டார்கள். கடையில் தரும் மாம்பழ ஜூஸ் வேறு சரக்கு. பழத்தோடு பாலும் ஐஸும், சின்னக் குழிக்கரண்டியால் இரண்டு முறை சர்க்கரையும் மிக்ஸியில் போவதை நின்று பாருங்கள். "சர்க்கரை வேண்டாம்ணா" என்று முன்னாலேயே சொல்ல வேண்டும். மிக்ஸி ஓடிய பிறகு சொல்லிப் பயனில்லை.

பாட்டிலில் வரும் மாம்பழ பானத்தை ஜூஸ் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். நம் ஊர்ப் பெங்களூரா மாங்காய்தான் கிருஷ்ணகிரி பக்கத்துக் கூழ் ஆலைகளில் அரைபட்டு, எங்கெங்கோ போய் அந்தப் பாட்டிலில் ஏறுகிறது. ஊர்ப் பெருமை இருக்கட்டும். அந்த வகைப் பானத்தில் பழச்சாறு குறைந்தது 10 சதவீதம் இருந்தாலே சட்டப்படி போதும். மீதி தண்ணீரும் சர்க்கரையும். "100 சதவீதம் பழச்சாறு" என்று அட்டையில் போடுவதை நிறுத்தச் சொல்லி இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டதும் இப்படிப்பட்ட குழப்பத்தால்தான்.

கரும்புச்சாறு கேட்பவர்களுக்கும் ஒரு வரி: பெரிய டம்ளர் ஒன்றில் எட்டு ஸ்பூன் சர்க்கரைக்குக் குறையாது.

எனக்கு சுகர் இருக்கு. மாத்திரை போட்டுக்கிட்டே ஜூஸ் விரதம் இருக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

வீட்டுக்கே வந்து சுகர், பிரஷர் மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதனால் மாத்திரை இப்போது பல வீட்டு அலமாரியில் தவறாமல் இருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அந்த மாத்திரையின் அளவு, நீங்கள் மூன்று வேளை சாப்பிடுவீர்கள் என்ற கணக்கில் கொடுக்கப்பட்டது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரியான மாத்திரைகளும் இன்சுலினும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும்.

ஜூஸ் விரதத்தில் நடப்பது இதுதான். காலையில் ஜூஸ் குடித்ததும் சர்க்கரை சரசரவென்று ஏறுகிறது. நார் இல்லாததால் அதே வேகத்தில் இறங்குகிறது. மாத்திரை அதை இன்னும் கீழே தள்ளுகிறது. சாயங்காலம் கை நடுக்கம், வேர்வை, கண் இருட்டல், காரணமில்லாத எரிச்சல். "விரதம் வேலை செய்யுது, கழிவு வெளியேறுது" என்று அதற்கு விளக்கம் சொல்பவர்களும் உண்டு. அது லோ சுகர். இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போனால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும், கால் மணி நேரத்தில் மறுபடி சோதிக்க வேண்டும், பிறகு சாப்பிட வேண்டும். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை போடுகிறவர்களுக்கு ஆபத்து வேறு விதம். பட்டினி கிடந்தால் சர்க்கரை அதிகம் ஏறாமலேயே இரத்தத்தில் அமிலம் கூடிவிடக்கூடும். வாந்தியும் மூச்சு வாங்கலும் வரும். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிட்டு விரதம் இருப்பதும் வேண்டாம்.

உடம்புல இருக்கிற நச்சு எல்லாம் வெளியேறுமாமே?

அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் நீங்கள் தூங்கும்போதும் செய்கின்றன. ஜூஸ் குடித்தால்தான் செய்வேன் என்று அவை காத்திருப்பதில்லை. என்ன நச்சு, எவ்வளவு இருந்தது, எவ்வளவு போனது என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

சுரைக்காய் ஜூஸ், கீரை ஜூஸ், நெல்லி ஜூஸ்லாம் பழ ஜூஸ் மாதிரி இல்லையே, அது நல்லதுதானே?

சர்க்கரை குறைவு, உண்மை. ஆனால் சுரைக்காயில் கவனம் வேண்டும். சில சுரைக்காய்கள் கசக்கும். அந்தக் கசப்புப் பொருள் கடுமையான நஞ்சு. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து 2010இல் டெல்லியில் விஞ்ஞானி ஒருவர் இறந்தார்; அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வல்லுநர் குழு அமைத்து எச்சரிக்கை வெளியிட்டது. அரைப்பதற்கு முன் ஒரு துண்டை வெட்டி நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் காயை எறிந்துவிடுங்கள். "கசப்பு உடம்புக்கு நல்லது" என்று மூக்கைப் பிடித்துக் குடிப்பதுதான் உயிரைப் பறிப்பது. குடித்த பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு, வாந்தியில் இரத்தம் என்றால் நேரே ஆஸ்பத்திரி.

பசலைக்கீரை, பீட்ரூட் இரண்டிலும் கிட்னிக் கல்லுக்குக் காரணமாகும் ஆக்ஸலேட் என்ற உப்பு அதிகம். பொரியலாக ஒரு கரண்டி தின்பதில் சிக்கல் இல்லை. ஒரு கட்டுக் கீரையைப் பச்சையாக அரைத்துத் தினமும் குடித்தால் கிட்னியில் கல் உள்ளவர்களுக்குத் தொல்லை. கொலஸ்ட்ரால் குறையும் என்று புளிப்பான பிலிம்பிக்காய்ச் சாற்றைக் கெட்டியாகக் குடித்த சிலருக்குச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்ததைக் கேரள மருத்துவர்கள் 2013இல் பதிவு செய்திருக்கிறார்கள். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு இளநீர்கூடப் பொட்டாசியத்தால் ஆபத்தாகலாம்.

நெல்லிச்சாறு அளவாகக் குடித்தால் கெடுதல் இல்லை. எடையை அது குறைப்பதில்லை, அவ்வளவுதான். தகடூர் அதியமான் ஔவைக்குக் கொடுத்ததும் கனிதான், சாறு இல்லை என்று கேட்பவர்களிடம் சொல்வேன்; சிரித்துவிட்டுப் போவார்கள்.

ஜூஸ்ல எல்லாச் சத்தும் இருக்குன்னு சொல்றாங்களே, புரதம் கிடைக்காதா?

கிடைக்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ பெண்ணுக்கு ஏறக்குறைய 46 கிராம். ஆறு டம்ளர் ஜூஸில் 15 கிராம் தேறுவதே கஷ்டம். பற்றாக்குறையை உடம்பு தசையிலிருந்து எடுத்துக்கொள்ளும். தசை குறைந்தால் உடம்பு எரிக்கும் கலோரியும் குறையும். அதனால்தான் பட்டினி கிடந்து இளைத்தவர்கள் பழையபடி சாப்பிடத் தொடங்கியதும் முன்பைவிட வேகமாக எடை போடுகிறார்கள்.

கல்யாணப் பெண்களுக்குக் கூடுதல் சேதி: கடும் பட்டினிக்குப் பிறகு இரண்டு மூன்று மாதத்தில் முடி கொத்துக் கொத்தாக உதிர்வது உண்டு. விரதத்தை மறந்திருப்பார்கள், ஷாம்புவைக் குறை சொல்வார்கள்.

இயற்கை மருத்துவத்துல சாறு விரதம் வெக்கிறாங்களே, அப்போ அது தப்பா?

அங்கே படுக்கையில் சேர்த்து, பிரஷர், சுகர் பார்த்து, மாத்திரையைத் தேவைக்கேற்ப மாற்றி, ஓய்வில் வைத்திருப்பார்கள். படித்த மருத்துவர் கண் பார்வையில் நடப்பதையும், வாட்ஸ்அப்பில் வந்த அட்டவணையைச் சமையலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு செய்வதையும் ஒன்றாகப் பேச வேண்டாம். அங்கிருந்து திரும்பிய பிறகு சாப்பாடு மாறவில்லை என்றால் எடை திரும்பி வருவது மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஓசூர்ல ஷிப்ட் வேலை. வேலைக்குப் போய்க்கிட்டே இருக்கலாமா?

வேண்டாம். இரண்டாம் நாள் தலைவலி வரும், எழுந்து நின்றால் தலை சுற்றும். நைட் ஷிப்டில் ஓடுகிற மெஷின் முன்னால் நிற்பவருக்கும், பைக்கில் தொப்பூர் கணவாய் இறங்கி வீட்டுக்குப் போகிறவருக்கும் அந்தச் சுற்றல் ஒரு விநாடி போதும்.

சஷ்டி, ஏகாதசி, ரம்ஜான் நோன்பெல்லாம் இருக்கோமே?

அது நம்பிக்கை. ஆரோக்கியமாக இருப்பவருக்கு ஒரு நாள் பட்டினியால் ஒன்றும் ஆகாது. எடைக் கணக்கை அதில் நுழைக்காதீர்கள். சுகர் மாத்திரை போடுகிறவர்கள் நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் பேசி மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

எங்க ஊர்த் தண்ணில ஃப்ளோரைடு. ஜூஸ் குடிச்சா தண்ணி கம்மியா குடிக்கலாம்ல?

யோசித்துக் கேட்ட கேள்வி. ஜூஸில் கலப்பதும் அதே போர் தண்ணீர் என்றால் எதுவும் மாறவில்லை. கொதிக்க வைத்தாலும் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். குடிக்கவும் சமைக்கவும் 2013 முதல் வருகிற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரைப் பயன்படுத்துங்கள். உணவில் கால்சியம் போதுமான அளவு இருந்தால் ஃப்ளோரைடு உடம்பில் சேர்வது குறைகிறது. பாலையும் மோரையும் கேழ்வரகையும் ஒதுக்கிவிட்டு மாதாமாதம் ஜூஸ் விரதம் இருப்பது, ஃப்ளோரைடு உள்ள ஊர்க்காரர்களுக்கு இரட்டை நஷ்டம்.

யாரெல்லாம் கிட்டயே போகக் கூடாது?

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள், சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், இரத்தத்தில் கிரியாட்டினின் கூடிய (சிறுநீரகம் பழுதான) நோயாளிகள், நீர் பிரியும் மாத்திரை போடும் இதய நோயாளிகள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள், யூரிக் அமிலத்தால் மூட்டு வீங்குகிறவர்கள், இரத்தசோகை உள்ளவர்கள், முன்பு சாப்பாட்டையே வெறுத்து ஒடுங்கிப்போனவர்கள்.

சரி, ஜூஸ் வேணாம். அப்போ என்னதான் பண்றது?

முதலில் குறைக்கத் தேவை இருக்கிறதா என்று பாருங்கள். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது உடல் நிறை எண் (BMI). இந்தியர்களுக்கு அது 23க்கு மேல் போனால் அதிக எடை, 25ஐத் தாண்டினால் உடல் பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80உம் எல்லை. டெய்லர் டேப் போதும்.

அடுத்து, எங்கிருந்து கலோரி வருகிறது என்று தேடுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 200 கலோரி. அதோடு பேக்கரியில் ஒரு பப்ஸ். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் நாலு லிட்டர் எண்ணெய் செலவானால் அதை இரண்டரை லிட்டராக்குங்கள். ஆளுக்கு ஒரு நாளில் நூறு கலோரி மிச்சம். இப்படி 500 கலோரி குறைந்தால் கணக்குப்படி வாரத்துக்கு அரைக் கிலோ. நடைமுறையில் கொஞ்சம் மெதுவாகவே இறங்கும். ஆனால் இறங்கியது தங்கும்.

தட்டைப் பற்றிக் கேட்டால் நம் பழைய தட்டே போதும், அளவை மட்டும் மாற்றுங்கள். களி ஆரோக்கியம் என்று இரண்டு பெரிய உருண்டை போட்டுக்கொள்கிறார்கள். நூறு கிராம் மாவில் 320 கலோரி, அரிசிக்குச் சற்றுத்தான் குறைவு. கைப்பிடி அளவு ஓர் உருண்டை, அதைவிட இரண்டு மடங்கு கீரையும் காயும், கெட்டியாக அவரைக்கொட்டையோ தட்டைப்பயறோ போட்ட குழம்பு, கூட ஒரு முட்டை அல்லது ஒரு டம்ளர் மோர். சாயங்காலம் கொள்ளுச் சுண்டல். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பதில் மந்திரம் எதுவும் இல்லை. நூறு கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம் இருக்கிறது, பசி தாங்கும். ரசமாக வைத்தால் அடியில் தங்கும் கொள்ளையும் சேர்த்துத் தின்னுங்கள்.

அரிசிச் சோற்றை அடியோடு நிறுத்த வேண்டாம். இரண்டாவது முறை போட்டுக்கொள்வதை நிறுத்தினால் போதும். தினம் முக்கால் மணி நேர நடை, வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை தரும் உடற்பயிற்சி.

ஏற்கெனவே நாலு நாளா ஜூஸ்லயே இருக்கேன். எப்படி முடிக்கிறது?

பிரியாணியில் முடிக்காதீர்கள். முதல் நாள் அரிசிக் கஞ்சி அல்லது கேழ்வரகுக் கூழ், உப்புப் போட்ட மோர், வேகவைத்த பாசிப்பருப்பு, கொஞ்சம் கொஞ்சமாக. மறுநாள் இட்லி, கீரை, முட்டை. ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாமல் இருந்தவர்கள், ஏற்கெனவே மெலிந்தவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள் திடீரென்று நிறையச் சாப்பிட்டால் இரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் ஆபத்தான அளவுக்கு இறங்கும். அவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டே சாப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும்.

ஜூஸர் மெஷின் வாங்கிட்டேனே, இப்போ அதை என்ன பண்றது?

ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி விலை விழும் வாரங்களில் கூடை கூடையாக வாங்கி அரைத்துக் கொதிக்க வைத்து, தொக்காகச் செய்து வையுங்கள். கேரட் ஜூஸ் குடிக்க ஆசை வந்தால் சாப்பாட்டோடு ஒரு சின்ன டம்ளர், சர்க்கரை இல்லாமல். சக்கையை எறியாதீர்கள்; வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லியோடு கேழ்வரகு மாவில் பிசைந்து அடை தட்டலாம். மாவுக்குச் சரிபாதி வரை சக்கை தாங்கும், அதற்கு மேல் போனால் திருப்பும்போது உடையும்.